குறிஞ்சிப்பாடிக் கூரையில் பனி

1

நான் கால்கரிக்கு வந்து இறங்கி இந்த மே மாதத்தோடு பத்தொன்பது வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் அந்த நாளில் என் மனைவி மலர் கேசரி கிண்டுவாள். இந்த வருஷமும் கிண்டினாள். நான் தொடவில்லை. கேசரி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதற்குப் பக்கத்தில், மேசை மேல், நான் அச்சடித்து வைத்திருந்த நூற்றெண்பத்தாறு பக்கம்தான் தொண்டையில் நின்றது.

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஆறவில்லை. ஆறாமலேயே எழுதுகிறேன். படிக்கிற நீங்கள் கடலூர், சிதம்பரம் பக்கம் வீடோ கடையோ மண்டபமோ கட்டிக்கொண்டிருந்தால், இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

என் அக்கா வசந்தா குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறாள். எட்டாம் வகுப்பு வரை. இருபது வருஷத்துக்கு மேலாக ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஓடிய பள்ளிக்கூடம் அது. இப்போது பக்கத்து மனையில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கீழே வகுப்பறைகள். மேலே நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பெரிய ஹால். மழை நாளில் முந்நூறு பிள்ளைகளும் பிரேயருக்கு நிற்க ஓர் இடம் வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. வடிவமைப்பு வேலையைச் செய்தது மலரின் தம்பி இளங்கோ. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறேழு பேர் வேலை பார்க்கும் டிசைன் ஆபீஸ் வைத்திருக்கிறான்.

மலர் கேசரி கிண்டிய அந்தச் சனிக்கிழமை காலை அவன் வாட்ஸ்அப்பில் அந்தக் கோப்பை அனுப்பினான். கூடவே ஒரு குரல் பதிவு.

"மாமா, வசந்தாக்கா ஸ்கூல் ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். சும்மா ஒரு பார்வ பாத்துட்டு ஓகேன்னு மட்டும் போட்டுடுங்க. நீங்க சொன்னாத்தான் அக்காவுக்கு நிம்மதியாம். வர்ற வெள்ளிக்கெழம மேல் தளம் போடறோம். முகூர்த்தம் குறிச்சாச்சி, பிரியாணிக்கும் சொல்லியாச்சி."

சும்மா ஒரு பார்வை! முந்நூறு பிள்ளைகளின் தலைக்கு மேல் நிற்கப்போகிற கூரை, பிரியாணிக்குச் சொல்லியாயிற்று, இனி நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. அதுகூடப் பாக்கியில்லை. முதல் பக்கத்தைத் திறந்தால், 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது: குமரவேல், கனடா. நான் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்து முடித்திருந்தேன்.

2

இங்கே நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டரில் பாலம் கட்டுகிறான் என்பார்கள். பாதி உண்மைதான். பகல் முழுக்கத் திரையில் ஒரு கட்டடமோ பாலமோ நின்றுகொண்டிருக்கும். ஆனால் எங்கள் ஆபீசில் அந்த மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒற்றைத் தாள் ஒன்று தருவார்கள். அதில் பென்சிலால் எழுத வேண்டும். மொத்தம் எவ்வளவு எடை, அது எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது, நடு பீம் ஏறக்குறைய எவ்வளவு தொய்யும். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். தாளின் அடியில் இரண்டு கோடு: கணக்கிட்டவர், சரிபார்த்தவர். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பிறகுதான் கணினி. கணினி சொல்கிற விடையும் தாள் சொல்கிற விடையும் கிட்டத்தட்ட ஒன்றாக இல்லை என்றால், காரணம் தெரிகிற வரைக்கும் ஒரு ஆணிகூட வாங்க மாட்டார்கள்.

வந்த புதிதில் இந்தத் தாளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைச் சின்னப் பையன் மாதிரி நடத்துகிறார்கள் என்று மலரிடம் பொருமியிருக்கிறேன். இன்னொரு கதையும் உண்டு. ஒரு கூட்டத்தில் நம் ஊர் வழக்கப்படி "எனக்கு ஒரு டவுட்" என்று கையைத் தூக்கினேன். சந்தேகம் கேட்கிறேன் என்றுதான் நினைத்தேன். இங்கே அந்தச் சொல்லுக்கு அடுத்தவன் வேலையை நான் நம்பவில்லை என்று அர்த்தம். அந்த வரைபடத்தைப் போட்டவர் முகம் சிவக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்த இடத்தில், காட்டு" என்றார். அரை மணி நேரம் காட்டினேன். கடைசியில் அவர் செய்ததுதான் சரி. இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாற்காலிக்கு வந்து சேர எனக்கு நான்கு வருஷம் பிடித்தது. சிதம்பரத்தில் வாங்கிய பட்டம் இங்கே செல்லுமா என்று பார்க்க, நான் படித்த ஒவ்வொரு பாடத்தின் விவரத்தையும் கல்லூரியிலிருந்து ஒட்டிய உறையில் கேட்டார்கள். உறையின் ஒட்டிய மடிப்பின் மேல் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் விடுமுறையில் சிதம்பரம் போய் வரிசையில் நின்றேன். கிளார்க் நல்ல மனிதர்தான். "கனடாவுல இன்ஜினியரே கெடையாதா தம்பி, உங்கள கூப்பிடுறாங்க?" என்று சிரித்துக்கொண்டே உறையின் முன்பக்கத்தில், விலாசத்துக்குப் பக்கத்தில், அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன். நான்கு மாதம் கழித்து உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. அந்த நான்கு மாதமும் ஒரு கிடங்கில், பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே, பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இன்ஜினியர் உரிமத்துக்கான நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கேள்விதான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கணினி ஒரு விடை தருகிறது, அது சரி என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் யோசிக்கவே இல்லை. தப்பாக இருந்தால் அதுவே சிவப்பில் காட்டும் என்று சொன்னேன். இன்னும் இரண்டு தேர்வு எழுதிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று கத்தினேன். மலர் நம்பினாள். நானும் பல வருஷம் அப்படியே நம்பினேன்.

3

அந்தப் பதில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நன்றாகத் தெரியும். சிதம்பரத்தில் நான் படிக்கும்போது கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வாசலில் எங்கள் செருப்புகள் அறுபது, எழுபது கிடக்கும். தூசி போனால் கணினி கெட்டுவிடும் என்றார்கள். ஜன்னல் திரை மூடியிருக்கும், உள்ளே ஏசி ஓடும், குரலைத் தாழ்த்திப் பேசுவோம். ஆயுத பூஜைக்குத் திரைக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சுற்றுவோம். ஒரு திரையில் அந்தக் குங்குமம் அடுத்த பூஜை வரைக்கும் அப்படியே இருந்தது. அதைத் தாண்டித்தான் எண்களைப் படிப்போம்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம். கொடுத்த எண்களை உள்ளே போடுவோம், விடை அச்சாகி வரும், ஓரத்தில் இருக்கும் ஓட்டைக் காகிதத்தைப் பிய்த்துவிட்டு ரெக்கார்டில் ஒட்டுவோம். அந்த விடை சரியா என்று யாரும் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற இடத்தில் அப்படிக் கேட்க யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை. என்னோடு படித்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் இன்று எங்கெங்கோ கட்டடம் கட்டுகிறோம்.

4

சரி, அந்த நூற்றெண்பத்தாறு பக்கத்துக்கு வருகிறேன்.

படம் படமாக இருந்தது. நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. பீம் வளைவது ஒரு படம், தூண் சாய்வது ஒரு படம், முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சீல், கையெழுத்து. கல்யாண ஆல்பம் தோற்றுவிடும். இத்தனைக்கும் நடுவில் ஒரு பக்கம்கூட மனிதக் கையால் போட்ட கணக்கு இல்லை.

நான் படங்களைப் புரட்டவில்லை. பென்சிலையும் ஒற்றைத் தாளையும் எடுத்துக்கொண்டேன். ஹால் நாற்பதடிக்கு அறுபதடி. மேல் தளம் ஆறு அங்குலக் கனம். காங்கிரீட்டின் எடை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெருக்கினால், தளம் மட்டும் எண்பது டன்னுக்கு மேல். இரண்டு நிமிஷ வேலை.

பிறகு ரிப்போர்ட்டில் அந்த எடையைத் தேடினேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கூரையின் எடை என்று தூண்களுக்கு வந்து இறங்கியதையெல்லாம் கூட்டினேன். நாலரை டன். தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று மறுபடி கூட்டினேன். அதே நாலரை டன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கணினிக்குள் கட்டடம் என்பது குச்சிகளால் ஆன ஒரு கூடு. பீம், தூண் இவற்றின் எடையை அதுவே போட்டுக்கொள்ளும். அவற்றின் தலையில் என்ன உட்காரப்போகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். காங்கிரீட் தளம் என்று சொன்னால் காங்கிரீட் தளத்தைத் தாங்க எவ்வளவு கம்பி வேண்டும் என்று சொல்லும். தகர ஷீட் என்று சொன்னால் தகர ஷீட்டைத் தாங்க எவ்வளவு கம்பி வேண்டும் என்று சொல்லும். நாம் பொய் சொன்னால் அந்தப் பொய்க்குப் பொருத்தமான கம்பியைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு, எல்லாம் பாஸ் என்று பச்சையில் காட்டும். அக்காவின் ஹாலுக்கு யாரோ தகர ஷீட் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கம்பியைத்தான் குறிஞ்சிப்பாடியில் கட்டி முடித்து, வெள்ளிக்கிழமை அதன் மேல் எண்பது டன்னைக் கொட்டப்போகிறார்கள்.

அப்போது என் மகள் யாழினி குடிக்கத் தண்ணீர் எடுக்க வந்தாள். பதினைந்து வயது. என்னோடு பேசுவதே குறைந்துவிட்டது, பேசினாலும் ஆங்கிலம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், இரண்டு பேருக்கும் அதில் இப்போது வருத்தம்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த கோலம் அவளை நிறுத்தியிருக்க வேண்டும். என் தோளுக்கு மேல் எட்டி, கூரைச் சுமைகளின் பட்டியலைப் படித்தாள். அது ஆங்கிலத்தில் இருந்தது. கேள்வி மட்டும் அதிசயமாகத் தமிழில் வந்தது.

"அப்பா, அத்த ஸ்கூல்ல ஸ்னோ விழுமா?"

நாலாவது வரி. பனிச்சுமை. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று எண்ணோடு இருந்தது. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, மே மாதத்தில், பனி பெய்துகொண்டிருந்தது. யாழினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறிஞ்சிப்பாடிக் கூரையின் மேல் பனி இருக்கிறது, காங்கிரீட் இல்லை.

5

உடனே இளங்கோவைக் கூப்பிட்டேன். அங்கே சனிக்கிழமை சாயங்காலம். ஆபீசில்தான் இருந்தான்.

"மச்சான், தளத்தோட எடைய எங்க போட்டிருக்க?"

"எல்லாம் போட்டிருக்கு மாமா. சாஃப்ட்வேர்ல பாஸ் ஆயிடுச்சி. ஒரு பீமோ தூணோகூட ஃபெயில் இல்ல."

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்த எடு. கூட்டிப் பாரு."

எடுத்தான். கூட்டினான். மறுபடி கூட்டினான்.

"மாமா, இது... ஷீட்டு லோடு அப்பிடியே நின்னுடுச்சி போல."

"நின்னுடுச்சி போலயா? முந்நூறு புள்ளைங்கடா! சரி, அந்தப் பனிய யாரு போட்டது? குறிஞ்சிப்பாடியில பனி கொட்டுதா?"

"அது பழைய ஃபைல்லேயே இருந்துது மாமா. எக்ஸ்ட்ரா லோடுதானே, சேஃப்டிக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன். கொஞ்சம் ஜாஸ்தி இருந்தா நல்லதுதானே?"

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. சேஃப்டிக்குப் பனி! சீலில் பெயர் இருக்கிற இன்ஜினியர் இதைப் படித்தாரா என்று கேட்டேன். அவர் பாண்டிச்சேரியில் இருக்கிறார், சீல் மட்டும் இங்கே டிராயரில் இருக்கிறது என்றான். கையெழுத்து? அதுவும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்களாம். என் பெயரை யார் போடச் சொன்னது என்று கேட்டேன்.

"அக்காவுக்கு ஒரு தைரியம் வரட்டுமேன்னு போட்டேன் மாமா. நீங்க எப்பிடியும் பாக்கத்தானே போறீங்க?"

அவன் ஆபீசில் ஒவ்வொரு வேலைக்கும் பழைய வேலையின் கோப்பை எடுத்து, பெயரை மாற்றி, அளவை மாற்றி ஓட்டுவதுதான் வழக்கம் என்று அவனே விளக்கினான். புதிதாகத் தொடங்கினால் மூன்று நாள், பழையதில் ஏறி உட்கார்ந்தால் மூன்று மணி நேரம். இதுவரை அந்தக் கோப்பில் செய்ததெல்லாம் ஷீட் கூரைதான். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் சில கிடங்குகள், அண்ணாகிராமத்தில் முந்திரிக் கொட்டைக் குடோன்கள். காங்கிரீட் தளத்துக்கு இதுதான் முதல் தடவை.

"அந்தக் குடோனுக்கெல்லாம் காத்து என்ன போட்ட? கடலூர் புயலுக்கு எந்தக் கணக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை. "தமிழ்ச்செல்விதான் மாமா அதெல்லாம் பாக்கும்" என்று போனை யாரிடமோ கொடுத்தான்.

தமிழ்ச்செல்வி அந்த ஆபீசில் ஐந்து வருஷமாக வேலை பார்க்கும் இன்ஜினியர். பரங்கிப்பேட்டைப் பக்கம், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். நான் அதட்டலாகத்தான் கேட்டேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"குடோன் எல்லாத்துக்கும் காத்த நான் மாத்திட்டேன் சார். அந்த ஃபைல்ல இருந்த காத்து நம்ம கடக்கரைக்கு ஆவாது. எங்க சார்கிட்ட சொல்லல, நானே மாத்திட்டேன். எங்க வீட்டு ஷீட்டு புயல்ல ரெண்டு தடவ பறந்து போயிருக்கு."

"அப்போ இந்த ஸ்கூல்ல தளத்தோட எடைய ஏம்மா விட்டீங்க?"

"நான் விடல சார். பாதியிலேயே அந்த வேலைய எங்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. கூரை லோட மாத்தணும், பனிய எடுக்கணும்னு மெசேஜ் போட்டேன், இப்பவும் இருக்கு. ஃபைல்ல கைய வெக்காதன்னாங்க. கனடாவுலேருந்து வந்த ஃபைலு, பெரிய ஆளு போட்டதுன்னாங்க. ரொம்ப கேள்வி கேக்குறன்னு வேற வேலைக்கி மாத்திட்டாங்க."

"கனடாவுலேருந்து யாரு அனுப்புனது?"

"சார், அது உங்க ஃபைலுதான். உள்ள உங்க பேரு இருக்கு."

6

மலர் கேசரியை மூடி வைத்தாள். நான் பழைய மின்னஞ்சலைத் தேடினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. இரண்டு தேர்வும் எழுதி, அந்த ஆபீசில் மூன்று வருஷம் வேலையும் பார்த்த பிறகு, உரிமம் கைக்கு வந்த வாரம் அது. இளங்கோ அப்போதுதான் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் திறந்திருந்தான். கால்கரிக்கு வெளியே ஒரு குதிரை லாயத்துக்கு நான் செய்த கோப்பை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். தகர ஷீட் கூரை. பனி. இந்த ஊர்க் காற்று. கூட எழுதியிருந்த வரியையும் அப்படியே தருகிறேன்: 'எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம், பார்த்துக் கற்றுக்கொள்.'

எங்கள் ஊர்! பத்து விரலிலும் பனிவெடிப்போடு பெட்டி எண்ணியவனுக்கு ஏழே வருஷத்தில் கால்கரி எங்கள் ஊராகிவிட்டது. அவன் கேட்கவே இல்லை. பீற்றிக்கொள்வதற்காக நானாகவே அனுப்பினேன். அந்த லாயத்துக்கும் ஓர் ஒற்றைத் தாள் இருந்தது. பென்சில் கணக்கு, அழித்து எழுதியது, காப்பிக் கறையோடு. மென்பொருள் போட்ட வண்ணப் படங்களை எல்லாம் அனுப்பினேன். தாளை அனுப்பவில்லை. பார்க்க நன்றாக இல்லை என்று விட்டுவிட்டேன். உண்மையில் அதில்தான் வேலை இருந்தது. இளங்கோவுக்கு நான் கொடுத்தது கும்பிடுவதற்கு ஒரு பொருள். அவன் குங்குமம் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவனைத் திட்டியதெல்லாம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. டிராயரில் சீல் வைத்திருப்பவனை இன்றைக்கும் திட்டுவேன். ஆனால் என் பங்கைச் சொல்லாமல் அக்காவிடம் பேச முடியாது.

அக்கா போனை எடுத்ததும், "ஓகேதானே டா?" என்றாள்.

"இல்லக்கா. வெள்ளிக்கெழம தளம் போடாத."

"வெளையாடாத. முகூர்த்தம் குறிச்சி, ஜூன்ல புதுக் கட்டடத்துலதான் ஸ்கூல்னு எல்லா பேரண்ட்ஸுக்கும் சொல்லியாச்சி."

"கம்பி பத்தாதுக்கா. தளத்தோட எடைய கணக்குல சேக்கவே இல்ல."

"விழுந்துடுமா?"

"சென்ட்ரிங் பலகைய பிரிக்கும்போதே தொங்கும். தொங்கலன்னா அதவிட மோசம். என்னைக்கி விழும்னு தெரியாது."

அக்கா வெடித்தாள். இளங்கோவைத் திட்டினாள், அந்தப் பாண்டிச்சேரிக்காரரைத் திட்டினாள், கொத்தனாரைக்கூட விடவில்லை. குறுக்கிட்டுச் சொன்னேன்.

"அந்த ஃபைலு என்னோடதுக்கா. நான்தான் அனுப்பியிருக்கேன், ஒரு வார்த்தகூட வெளக்காம."

"நீயா?"

"ஆமா."

"பூமி பூஜைக்கி வரல நீ. அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு போன் பண்ணி என்ன மண்ணுன்னு கேட்டியா? ஓகேன்னு சொல்றதுக்கு மட்டும் கனடாலேருந்து நீ வேணும்னு நானும் பைத்தியம் மாதிரி காத்துக்கிட்டிருந்தேன் பாரு." அழுகையும் ஆத்திரமுமாக வந்தது குரல். "சரி, நிறுத்திடறேன். பேரண்ட்ஸ்கிட்ட நானே சொல்லிக்கறேன். பழைய கொட்டாயிலேயே இன்னும் ஒரு வருஷம் ஓட்டறேன். இனிமே கலர் படம் அனுப்பாதீங்கடா, ரெண்டு பேரும்."

வைத்துவிட்டாள்.

7

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். மென்பொருளைத் திறக்கவில்லை. ஒற்றைத் தாளில் அந்த ஹாலை முதலிலிருந்து போட்டேன். தளம், பீம், மேலே ஆட்கள் ஏறினால் வரும் எடை, கடலூர்க் காற்று, எந்தத் தூணுக்கு எவ்வளவு, நடு பீமுக்கு ஏறக்குறைய எத்தனை கம்பி. பனி என்ற வரி இல்லை. படித்துப் படித்துப் பார்த்தேன். அழித்து எழுதிய இடங்களை அப்படியே விட்டேன். கணக்கிட்டவர் என்ற கோட்டின் மேல் குமரவேல் என்று எழுதி, பக்கத்துக் கோட்டைக் காலியாக வைத்துப் படமெடுத்து இளங்கோவுக்கு அனுப்பினேன். தமிழ்ச்செல்வியிடம் கொடு, அவர் கூட்டிப் பார்த்துச் சொல்லட்டும், அவர் சொல்லாமல் ஒரு கம்பிகூடக் கட்டாதே என்று எழுதினேன். என் மனதில், இந்தத் தாள் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பும் இருந்தது. பத்தொன்பது வருஷ அனுபவம், பின்னே எதற்கு?

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது தமிழ்ச்செல்வியின் பதில் வந்திருந்தது.

"சார், பக்கம் கெடச்சிது. ரெண்டு தடவ கூட்டிப் பாத்தேன். பீம், தூண் எல்லாம் சரியா வருது. ஆனா தளத்துக்கு மேல சுர்க்கியும் தட்டோடும் விட்டுட்டீங்க. இங்க தட்டோடு பதிக்காம யாரும் விட மாட்டாங்க. டிராயிங்லயும் இருக்கு. அது மட்டுமே இன்னும் நாப்பது டன் கிட்ட வருது சார்."

காரைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முன் கண்ணாடியில் பனி படிந்துகொண்டிருந்தது. தட்டோடு! மழை ஒழுகாமல் இருக்கவும் வெயில் இறங்காமல் இருக்கவும் எங்கள் பக்கம் காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கியைக் கொட்டி, அதன் மேல் பதிக்கிற சிவப்பு ஓடு. நான் பிறந்த வீட்டு மாடியிலும் அதுதான். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு ஏறி, சூடு தாங்காமல் துள்ளியிருக்கிறேன். எண்பது டன்னை விட்டவனை இரண்டு நாளாகக் கிழித்துக்கொண்டிருந்த நான், நாற்பது டன்னை விட்டிருக்கிறேன். என் ஊர்க் கூரையின் மேல் என்ன இருக்கும் என்பது எனக்கு மறந்தேபோயிருக்கிறது.

வீட்டுக்குள் திரும்பிப் போனேன். ஆபீசுக்கு நேரமாகிறது என்று மலர் சொன்னாள். மேசையிலிருந்த தாளை எடுத்து, பென்சிலால் அந்த வரியைச் சேர்த்து, கீழே உள்ள எண்களையெல்லாம் மறுபடி போட்டேன். படமெடுத்து அவருக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகுதான், காலியாக விட்டிருந்த கோட்டின் மேல், சரிபார்த்தவர்: தமிழ்ச்செல்வி, கடலூர் என்று எழுதினேன்.